கணவாயைத் திறந்து வைத்தவர்கள்

திண்டிவனத்திலே சாலைகள் பிரிகின்ற இடத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு ஆண்டுதோறும் கோடைக் காலத்தில் ஒரு காட்சி தென்படும். இளைஞர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து, மோட்டார் சைக்கிள்களின் பின்புறத்திலே படுக்கைச் சுருளும், மழைச் சட்டையும், எண்ணெய்த் தகரமும் கட்டிக்கொண்டு வடக்கு நோக்கிப் புறப்படுவார்கள். "எங்கே பயணம்?" என்று தேநீர்க் கடைக்காரர் கேட்பார். "லடாக்!" என்று அவர்கள் பெருமையோடு விடையளிப்பார்கள். சரித்திர ஆசிரியனாகிய நான் அந்தக் கடையில் பல முறை உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறேன்.

ஒரு நாள் என்னுடைய பழைய மாணவர் ஒருவர், விழுப்புரத்தைச் சேர்ந்தவர், அந்தக் கடையிலேயே என்னைச் சந்தித்தார். "ஐயா, பனிமலைக்குப் போகிற பாதையைப் பற்றிப் புத்தகங்களில் படிக்கிறேன். ஆனால் புளியமரமும் சமவெளியும் நிறைந்த நம் ஊருக்கும் அந்த மலைக்கும் சரித்திரத்தில் ஏதாவது தொடர்பு உண்டா?" என்று அவர் கேட்டார். திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்று பொருள்படுவது. பனியைக் கண்டறியாத ஊர். ஆகவே அவருடைய கேள்வி நியாயமானதே. அன்று நான் அவருக்குச் சொன்ன விடையையும், பின்னர் அவர் எனக்குக் கற்பித்த ஒரு பாடத்தையும் இன்று மாணவ நண்பர்களாகிய உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நம் பகுதியில் உயர்ந்த மலை இல்லை என்பது உண்மை. ஆனால் மலையும் மழையும் சேர்ந்து மனிதனைச் சோதித்த சரித்திரம் நம் அருகிலேயே உண்டு. திண்டிவனத்திலிருந்து மேற்கே திருவண்ணாமலைச் சாலையில் சென்றால் செஞ்சிக் கோட்டையை அடையலாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை அது. ராஜகிரியின் உச்சி ஏறத்தாழ 800 அடி உயரமே. இமயத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு கூழாங்கல். எனினும் அந்தக் கூழாங்கல் ஒரு பேரரசின் சேனையை எட்டு ஆண்டுக் காலம் காக்க வைத்தது.

1677ஆம் ஆண்டில் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். அவருடைய மகன் ராஜாராம் பின்னர் அங்கே தஞ்சம் புகுந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690ஆம் ஆண்டில் வந்து கோட்டையை முற்றுகையிட்டார். பீரங்கியும், குதிரைப் படையும், பணமும் அவர் வசம் இருந்தன. ஆனால் 1692ஆம் ஆண்டின் மழைக் காலத்தில் வானம் மராட்டியர் பக்கம் சேர்ந்துகொண்டது. வயல்களும் ஏரிகளும் ஒன்றாகி நாடே நீர்ப் பரப்பாயிற்று. தானியம் வரும் வழிகள் அடைபட்டன. சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகிய மராட்டியத் தளபதிகள் எஞ்சிய வழிகளையும் துண்டித்தனர். பசியால் வாடிய சேனையோடு சுல்பிகர் கான் 1693ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முற்றுகையை விட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். கோட்டை அவர் கைக்கு வந்தது 1698ஆம் ஆண்டிலேதான்.

இந்த நிகழ்ச்சியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் நான் ஒரு குறிப்பைச் சேர்ப்பது வழக்கம். பின்வாங்கத் தெரிந்திராவிட்டால் அந்தத் தளபதிக்குத் திரும்பி வர ஒரு சேனை இருந்திராது என்பதே அது. இந்தக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி இமயத்துக்குச் செல்வோம். ஸ்ரீநகரிலிருந்து லேவுக்குச் செல்லும் வழியில் சோஜி லா என்றொரு கணவாய் இருக்கிறது. திபெத்திய மொழிகளில் 'லா' என்றால் கணவாய் என்று பொருள். இதன் உயரம் சுமார் 3,528 மீட்டர். அதாவது நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரத்தைவிட ஏறத்தாழ 900 மீட்டர் அதிகம். பசுமை நிறைந்த காஷ்மீரத்துக்கும் மழையற்ற லடாக்குக்கும் இடையிலுள்ள வாயிற்படி அது. மேற்கிலிருந்து வரும் ஈரக் காற்று அந்தச் சுவரில் மோதிப் பனியாகக் கொட்டுகிறது. அதனால் அந்த வழி குளிர்காலத்தில் நெடுங்காலமாக அடைபட்டுக் கிடந்து வந்தது.

1948ஆம் ஆண்டில் இந்தக் கணவாய் எதிரிகளின் கையில் இருந்தது. லேவும் அங்குள்ள மக்களும் துண்டிக்கப்பட்டிருந்தனர். செப்டம்பர் மாதத்தில் நமது ராணுவம் மேற்கொண்ட தாக்குதல் வெற்றி பெறவில்லை. குளிர்காலம் முற்றிவிட்டால் லேவைக் காப்பது அரிது. அப்போது ஜெனரல் திம்மய்யா ஒரு துணிந்த முடிவுக்கு வந்தார். கோவேறு கழுதைகள் மாத்திரமே ஏறக்கூடிய அந்த மலைத் தடத்திலே டாங்கிகளை ஏற்றுவது என்பதே அந்த முடிவு. அவ்வளவு உயரத்தில் டாங்கிகள் போரிட்டதாக அதுவரை உலகம் அறிந்ததில்லை.

டாங்கி ஏற வேண்டுமானால் முதலில் பாதை வேண்டும். பாறையை வெடி வைத்துப் பிளந்து, சரிவை வெட்டி, கழுதைத் தடத்தை வண்டித் தடமாக்கியவர்கள் யார் தெரியுமா? மேஜர் தங்கராஜுவின் தலைமையில் உழைத்த மதராஸ் சாப்பர்கள். 1780ஆம் ஆண்டில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கப்பட்ட பொறியியற் படை அது. தென்னாட்டு இளைஞர்கள் நிரம்பிய அந்தப் படையினரை ராணுவம் முழுவதும் 'தம்பி' என்றே அன்போடு அழைக்கும். பனியையே பார்த்திராத ஊர்களிலிருந்து வந்த அந்தத் தம்பிகள், உறைபனியிலும் எதிரியின் குண்டுகளுக்கு நடுவிலும் பால்தாலிலிருந்து கணவாய் வரை பாதையமைத்தார்கள்.

ஏழாவது லைட் கேவல்ரிப் படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள், மேற்கூண்டுகள் கழற்றப்பட்டு, அடையாளம் தெரியாதவாறு மூடப்பட்டு ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்து சேர்ந்தன. கெட்ட வானிலையால் தாக்குதல் தள்ளிப் போயிற்று. கடைசியில் 1948 நவம்பர் 1ஆம் தேதியன்று பனிக்கிடையே டாங்கிகள் கணவாயில் ஏறின. குகைகளிலும் பதுங்கு குழிகளிலும் இருந்த எதிரிகள் அந்த உயரத்தில் டாங்கியைக் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. கணவாய் நம் வசமாயிற்று. அந்த மாத முடிவுக்குள் திராஸும் கார்கிலும் மீட்கப்பட்டு, லேவுக்கு வழி திறந்தது. செப்டம்பரில் தடைப்பட்டது நவம்பரில் நிறைவேறிற்று. இடையில் நடந்தது என்ன? பாதை போடப்பட்டது. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். அதே 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலே ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் ஒரு புதிய புல்லட் வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னிருந்த பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கரம் சட்டத்தோடு இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருக்கும். பள்ளத்தில் விழுந்தால் ஓட்டுகிறவருடைய முதுகெலும்புதான் வில்லாக வேலை செய்ய வேண்டும். புதிய புல்லட்டிலோ பின்சக்கரம் ஊஞ்சல் போல மேலும் கீழும் அசையும் கரத்தில் பொருத்தப்பட்டிருந்தது. கரடுமுரடான பாதைக்கு ஏற்ற அமைப்பு அது. இந்தியாவில் அந்த வண்டி 1949ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்தது.

சுதந்திரம் பெற்ற நாட்டுக்கு நீண்ட எல்லைகள் இருந்தன. அவற்றைச் சுற்றிக் காவல் புரியத் திடமான, எளிதில் பழுது பார்க்கக்கூடிய வண்டி தேவைப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் நமது ராணுவம் 350 சி.சி. புல்லட்டைத் தெரிந்தெடுத்து வரவழைத்தது. ஒவ்வொரு வண்டியையும் கடல் கடந்து வரவழைப்பதைவிட இங்கேயே செய்யலாகாதா என்ற எண்ணம் பிறந்தது. 1955ஆம் ஆண்டில் ரெட்டிச் கம்பெனியும் சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ஆரம்பத்தில் உறுப்புகள் பெட்டிகளில் வந்தன. தொழிலாளர்கள் அவற்றைப் பொருத்தினார்கள். பின்னர் அச்சுகளும் கருவிகளும் வந்தன. சிறிது சிறிதாக எல்லா உறுப்புகளையும் நம்மவர்களே வார்க்கவும் கடையவும் கற்றுக்கொண்டார்கள்.

இதிலே சரித்திரத்தின் விந்தையொன்றைக் காணலாம். ரெட்டிச் தொழிற்சாலை 1967ஆம் ஆண்டில் மூடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தில் அந்த வண்டியின் உற்பத்தியே நின்று போயிற்று. திருவொற்றியூரிலோ உலை அணையவில்லை. 1977ஆம் ஆண்டில் சென்னைப் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. தாய்வீட்டில் மறைந்த கலை, மகள் புகுந்த வீட்டில் வளர்ந்து, மறுபடியும் தாய்வீட்டுக்குச் சீராகச் சென்றது போன்ற செய்தி இது. 1994ஆம் ஆண்டில் எய்ச்சர் நிறுவனத்தார் அதை ஏற்றனர். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பின்னர் புதிய தொழிற்சாலைகள் தோன்றின. பனிமலையில் ஏறுகிற வண்டிகளில் பெரும்பாகம் வங்கக் கடலின் உப்புக் காற்றிலே பிறந்தவை என்பதை நாம் மறத்தலாகாது.

வண்டி இருந்தால் போதுமா? சாலை வேண்டுமே! 1960 மே மாதத்தில் எல்லைச் சாலைகள் நிறுவனம் தொடங்கப்பட்டது. சோஜி லா வழியாக லே வரை மோட்டார்ச் சாலை அமைந்தது. மணாலியிலிருந்து ரோதாங், பாராலாச்சா, தங்லங் ஆகிய கணவாய்களைக் கடந்து லேவுக்குச் செல்லும் மற்றொரு சாலையும் உண்டாயிற்று. லேவுக்கு வடக்கே கார்துங் லா என்னும் கணவாயில் 5,359 மீட்டர் உயரத்துக்குச் சாலை ஏறியது. ரோதாங் மலையைத் துளைத்து ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டிய அடல் சுரங்கம் 2020 அக்டோபரில் திறக்கப்பட்டது.

இந்தச் சாலைகளை வெட்டியவர்களும், ஆண்டுதோறும் பனியை நீக்கித் திறப்பவர்களும் யார்? ராணுவப் பொறியாளர்களோடு, தொலைதூரத்து ஏழை உழைப்பாளிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஜார்க்கண்டின் தும்கா பகுதியிலிருந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் அங்கே சென்று கல்லுடைக்கிறார்கள், தார் காய்ச்சுகிறார்கள். சமவெளியின் வெப்பத்தில் வளர்ந்த அவர்கள் அந்த மெல்லிய காற்றில் மண்வெட்டி பிடிப்பது எத்தகைய துன்பம் என்பதைச் சிறிது விளக்க வேண்டும்.

உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 5,300 மீட்டர் உயரத்தில் கடல் மட்டத்தில் உள்ளதைப் போல ஏறக்குறையப் பாதியே இருக்கும். ஆகவே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவும் பாதியே. 2,500 மீட்டருக்கு மேல் விரைந்து ஏறுகிறவர்களுக்குத் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை தோன்றக்கூடும். அசட்டை செய்தால் மூளையிலும் நுரையீரலிலும் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். அதற்கு நல்ல மருந்து இறங்கி வருவதே. லேவுக்கு வருகிறவர்கள் ஓரிரு நாட்கள் ஓய்வெடுத்த பின்பே மேலே ஏற வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

யந்திரமும் மனிதனைப் போலவே மூச்சுத் திணறும். பழைய வண்டிகளில் கார்பரேட்டர் என்ற உறுப்பு பெட்ரோலையும் காற்றையும் ஓர் அளவில் கலந்து கொடுக்கிறது. சமவெளிக்கு ஏற்றபடி அமைத்த அளவு மலையில் பொருந்தாது. காற்று மெலிந்து விடுவதால் கலவையில் பெட்ரோல் மிகுந்து, புகை கறுத்து, ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்து, வண்டி தள்ளாடும். சிறிய துளையுள்ள ஜெட்டை மாற்றிப் பொருத்தி மெக்கானிக்குகள் இதைச் சரிசெய்வார்கள். இக்காலத்துப் புதிய வண்டிகளில் காற்றின் அழுத்தத்தை உணர்ந்து பெட்ரோலை அளந்து தெளிக்கும் மின்னணு ஏற்பாடு இருக்கிறது. எனினும் குறைந்த காற்றில் குறைந்த சக்திதான் பிறக்கும். எந்தக் கருவியாலும் இல்லாத காற்றை உண்டாக்க முடியாது.

குளிரைப் பற்றியும் ஒரு கணக்குப் போடலாம். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது. கடல் மட்டத்தில் 35 டிகிரி வெயில் அடிக்கும் வேளையில், 5,300 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய நீர் உறையும் நிலை இருக்கும். பனியாறுகளின் உருகிய நீர் சாலையின் குறுக்கே ஓடைகளாகப் பாயும். காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடும் ஓடை, வெயிலேறப் பனி உருகிப் பிற்பகலில் வண்டியையே இழுத்துச் செல்லும் வேகம் பெறும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுவார்கள்.

மழையோ அங்கே அரிய விருந்தாளி. லேயில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 10 சென்டிமீட்டரே. ஆனால் அந்த விருந்தாளி சினந்து வந்தால் தாங்குவதற்கு மண்ணில் மரமும் இல்லை, வேரும் இல்லை. 2010 ஆகஸ்டு 6ஆம் தேதி அதிகாலையில் லேயில் கொட்டிய பெருமழையில் மலைச் சேறு இறங்கி வந்து இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று.

இத்தனையையும் மாணவருக்குச் சொல்லி முடித்தபோது, "அப்படியானால் நாமிருவருமே போய் வரலாமே, ஐயா" என்றார் அவர். வயது என்னைத் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. வண்டிகளை ரயிலில் ஜம்முவுக்கு அனுப்பிவிட்டு நாங்களும் சென்றோம். அது ஒரு ஜூன் மாதம். ஸ்ரீநகரைக் கடந்து சோனமார்க் வந்தபோது மேகம் தாழ்ந்திருந்தது. சோஜி லாவின் ஏற்றத்தில் வளைவுகள் தொடங்கியதும் தூறல் விழுந்தது. சிறிது நேரத்தில் அந்தத் தூறல் பனித்துகளாக மாறிற்று. சாலை சேறாயிற்று. ஒரு பக்கம் பாறைச் சுவர். மறு பக்கம் பள்ளத்தாக்கு. கையுறைகள் நனைந்து விரல்கள் மரத்துப் போய், கிளட்சைப் பிடித்திருக்கிறேனா விட்டிருக்கிறேனா என்பதே எனக்குத் தெரியவில்லை.

ஒரு வளைவில் சாலைத் தொழிலாளி ஒருவர் சிவப்புக் கொடியோடு நின்றார். மேலே கல் உருள்கிறது, திரும்பிப் போங்கள் என்று சைகை காட்டினார். நான் வாதாடினேன். மறு நாள் கார்கிலில் தங்க ஏற்பாடு செய்திருந்தோம். ஒரு நாள் தவறினால் பயணத் திட்டமே குலைந்து போகும். அது மட்டுமன்று, இத்தனை தூரம் வந்து திரும்பினோம் என்று திண்டிவனத்துத் தேநீர்க் கடையில் எப்படிச் சொல்வது? உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என்னை ஓட்டியது ஆர்வமன்று, நாணமே. "மெதுவாகப் போய்விடலாம், தம்பி. வண்டியை எடு" என்றேன்.

மாணவர் வண்டியை அணைத்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றினார். அவருடைய உதடுகள் நீலம் பாரித்திருந்தன. "ஐயா, சுல்பிகர் கானே வந்தவாசிக்குத் திரும்பினார் என்று நீங்கள்தானே பாடம் நடத்தினீர்கள்?" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். முப்பது ஆண்டுகளாகப் பிறருக்குச் சொல்லி வந்ததை, எனக்கே தேவைப்பட்ட வேளையில் மறந்துவிட்டேன். வண்டிகளைத் திருப்பிக்கொண்டு சோனமார்க்குக்கு வந்து, இரவு முழுவதும் நனைந்த துணிகளைக் கணப்பருகே உலர்த்தினோம்.

மறுநாள் வானம் தெளிந்தது. நேற்று நின்ற வளைவைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் சாலையின் பாதி அகலத்தை மறைத்துக்கொண்டு கற்குவியல் கிடந்தது. பத்துப் பதினைந்து பேர் வெறுங்கையாலும் கடப்பாரையாலும் அதை அகற்றிக்கொண்டிருந்தார்கள். நேற்றைய கொடிக்காரரும் அவர்களிடையே இருந்தார். என்னை அடையாளம் கண்டு சிரித்தார். எனக்குத் தெரிந்த சிறிதளவு இந்தியில் அவரோடு பேசினேன். தும்கா பக்கத்துக் கிராமம் அவருக்கு. "உங்கள் ஊரில் பனி விழுமா?" என்று கேட்டார். இல்லை, மழைதான், பெய்தால் வெள்ளம் என்றேன். "எங்கள் ஊரிலும் அப்படித்தான்" என்றார். அவர் எங்களுக்காக வழி விட்ட அந்தப் பத்தடி அகலத்தில்தான் நாங்கள் சோஜி லாவைக் கடந்தோம்.

கும்ரி அருகே 1948ஆம் ஆண்டுப் போரின் நினைவிடம் இருக்கிறது. அங்கே நின்றபோது என் மனத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. கணவாயின் பெயர்ப் பலகை அருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் கணவாயை வென்றுவிட்டதாக நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைக்கவே வந்தேன். ஆனால் அந்தப் பாதையை முதலில் வெட்டிய தம்பிகளுடைய பெயர்களுள் எத்தனை பெயர் நமக்குத் தெரியும்? நேற்றிரவு கல்லைப் புரட்டியவருடைய பெயரை நானே கேட்க மறந்தேனே! டாங்கியின் சரித்திரம் எழுதப்பட்டிருக்கிறது. யந்திரத்தின் சரித்திரம் எழுதப்பட்டிருக்கிறது. கடப்பாரையின் சரித்திரம் இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே இருக்கிறது. அதை எழுதும் பொறுப்பு மாணவர்களாகிய உங்களைச் சேரும்.

ஊர் திரும்பிய பின் இந்தப் பாடம் நம் வாயிலிலேயே மறுமுறை நடத்தப்பட்டது. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிற்று. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. லேயில் ஐந்து ஆண்டுகளில் பெய்கிற மழை மயிலத்தில் ஒரு நாளில் பெய்தது என்று சொன்னால் அதன் அளவு உங்களுக்கு விளங்கும். சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட வெள்ளம் தென்பெண்ணையில் பெருகி வந்து, டிசம்பர் 2ஆம் தேதி விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூரில் தேசிய நெடுஞ்சாலையையே மூழ்கடித்தது. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே போக்குவரத்து நின்று போயிற்று. சமவெளியின் அகன்ற சாலையும் ஒரு நாள் கணவாயாக மாறக்கூடும் என்பதை அன்று கண்டோம்.

அந்த நாட்களில் தண்ணீர் ஓடும் சாலையைக் கண்டால் சில இளைஞர்கள் வண்டியை முடுக்கிக் கடக்க முயல்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓடும் வெள்ளத்தின் அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போயிற்றா என்பது வண்டிக்குத் தெரியாது. வேகத்துக்கும் வீரத்துக்கும் தொடர்பில்லை. என் மாணவர் புயல் ஓய்ந்ததும் தொலைபேசியில் பேசினார். அவருடைய தெருவிலே இடுப்பளவு தண்ணீர். வண்டியைப் பூட்டி வைத்துவிட்டு, முதியோரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்லும் வேலையில் இருந்ததாகச் சொன்னார். சோஜி லாவில் கொடி பிடித்து நின்றவரை அப்போது நினைத்துக்கொண்டேன்.

இன்றும் திண்டிவனத்துச் சந்திப்பிலே இளைஞர்கள் வடக்கு நோக்கிப் புறப்படுகிறார்கள். அவர்களைத் தடுக்க எனக்கு விருப்பமில்லை. மலையைப் பார்க்க வேண்டும். நாட்டின் நீளத்தை உடலால் அளந்தறிய வேண்டும். நம் ஊர்த் தொழிலாளி செய்த வண்டி, நம் ஊர்த் தம்பிகள் முதலில் திறந்த கணவாயில் ஏறுவதைக் கண்டு பெருமைப்படுவதும் தகும். ஆனால் அவர்கள் புறப்படும்போது தேநீர்க் கடையில் நான் ஒன்று மாத்திரம் சொல்லுவேன்: "வழியில் கொடி பிடித்து ஒருவர் நின்றால், நின்று அவருடைய பெயரைக் கேளுங்கள். அவர் திரும்பச் சொன்னால் திரும்புங்கள். மலை அங்கேயே இருக்கும், நாளைக்கும் போகலாம்."